கல்லறைச் சுவர் பற்றிய ஒரு வரி

திண்டுக்கல்
15.6.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பிரிஸ்கில்லா. இங்கே நான், உன் மாப்பிள்ளை ரொனால்டு, பிள்ளை எல்லாரும் சுகம். போன மாதம் உனக்கு வந்த மலைக்காய்ச்சல் விட்டதா? ஜார்க்கண்ட் காட்டில் டவர் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் உன்னை அனுப்பினார்களா? தங்கை கையெழுத்தை மறக்காமல் இருக்கிறாய், அது ஒன்றுதான் லாபம். குருப்பட்டம் வாங்கியதிலிருந்து உன்னை 'நீங்க' என்று சொல்லச் சொல்கிறார் அப்பா. கடிதத்தை அவர் படிக்கப்போவதில்லை. அதனால் நீ நீதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையம் பக்கத்தில் இவர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ஞாயிறு மதியம் ஈ காக்கா வருவதில்லை. ஊரே பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். அதில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது அண்ணா. ரிட்டையர்டு கண்டக்டர் இஞ்ஞாசி, மலைக்கோட்டையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுக் கீழே 'இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்துப் போட்டார். வகுப்பிலேயே சின்னவள் ரீனா, அவள் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதி, டியூப் லைட் உபயம், மைக் செட் உபயம் என்று வரிசையாகப் பேர் போட்டாள். கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள். "பேரு போடலைன்னா நாளைக்கு அவுக மொகத்துல எப்புடி முழிக்கிறது டீச்சர்?"

நம் ஞானமுத்தூர் கீழத்தெரு செபஸ்தியம்மாளை நினைவிருக்கிறதா? பூக்கட்டி விற்பாரே, அவரும் வருகிறார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பூத்தொடுக்கிற விரல், விசைப்பலகையில் மட்டும் ஒன்றுதான் வேலை செய்கிறது. நம் ஊருக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். குளம், கோயில், சப்பரம், வெங்காயச் சாகுபடி எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: 'ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் உள்ளது, மேல்புறம் மேலத்தெருவாரும் கீழ்புறம் கீழத்தெருவாரும் புதைக்கப்படுகிறார்கள்.'

அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

அன்புத் தங்கை,
பிரிஸ்கில்லா

*

9.7.2008

பாசமுள்ள பிரிசிக்கு,

ஆண்டவர் உன் வீட்டை ஆசீர்வதிப்பாராக. காய்ச்சல் விட்டுவிட்டது. வாய்க்கசப்புதான் போகவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் அனுப்பு. இங்கே நல்ல மழை. ஆற்றைத் தாண்ட முடியாமல் மூன்று ஊர்களுக்குப் பூசை வைக்கப் போகவில்லை.

உன் வகுப்பை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இஞ்ஞாசி கையெழுத்தைச் சமையற்கார அண்ணனுக்கு இந்தியில் விளக்கிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். செபஸ்தியம்மாள் சப்பரத்தைப் பற்றி எழுதியது அருமை. படிக்கும்போது வெடிச்சத்தம் கேட்டது. குளத்துக்கு இரண்டு மடை என்று எழுதியிருக்கிறார், மூன்று உண்டு. அதைச் சரிபார்க்கச் சொல்.

நானும் ராஞ்சிக்குப் போகும்போது எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை. எப்படி என்று எனக்கும் சொல்லிக்கொடு. அப்பாவை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள். அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார்.

செபங்களுடன்,
இனிகோ

*

திண்டுக்கல்
27.7.2008

அன்பு அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். ஊறுகாய் பார்சலில் வருகிறது. மடை மூன்று என்று திருத்திவிட்டார் செபஸ்தியம்மாள். மடையை எண்ணினாய், சரி. சுவர் உன் கண்ணில் படவில்லையா?

அந்த வரி காணாமல் போய்விட்டது. பேர் சொல்லாத யாரோ அழித்திருக்கிறார்கள். செபஸ்தியம்மாள் திரும்பப் போட்டார். மறுநாள் போய்விட்டது. மறுபடியும் போட்டார். இப்படியே ஒரு வாரம் நடந்தது. அப்புறம் கனடாவில் இருக்கும் ஒரு தமிழர் நடுவில் வந்தார். இந்தக் களஞ்சியத்தில் ரொம்ப நாளாக எழுதுகிறவர், மரியாதையாகத்தான் எழுதினார்: 'அச்சில் வந்த சான்று காட்டினால் வரி இருக்கும். இல்லையென்றால் எடுக்க வேண்டியிருக்கும்.' இதுதான் இங்கே சட்டம், நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். அவர் மேல் கோபமில்லை. செபஸ்தியம்மாளிடமும் அதையேதான் சொன்னேன்.

"சான்றா? எம் புருசன் அந்தப் பக்கம் கெடக்காரே, அது பத்தாதா? வந்து பாக்கச் சொல்லு டீச்சர்" என்றார்.

"பார்த்தா போதாதுக்கா, அச்சுல வந்திருக்கணும்."

"எந்தக் காலத்துல நம்ம சங்கதிய அச்சுல போட்டாக?"

மறைமாவட்ட மலர், பங்கு மலர் எல்லாம் புரட்டினோம். மணிக்கூண்டு கட்டியது இருக்கிறது, சுவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நீ பீடச்சிறுவனாக எத்தனை அடக்கத்துக்குத் தூபக்கலசம் தூக்கியிருப்பாய்? கீழத்தெரு அடக்கம் என்றால் வாசலிலேயே தண்ணீர் தெளித்துவிட்டுச் சாமியார் திரும்பியதை நீ பார்க்கவில்லையா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சுவர் சரியா, தப்பா? ஒரு வார்த்தை எழுது போதும்.

நீ கேட்ட பாடம்: முதல் பக்கத்தின் மேலே 'புதிய கணக்கு' என்று இருக்கும், அதை அழுத்து. உன் சொந்தப் பேரிலேயே கணக்கு ஆரம்பி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தங்கை,
பிரிஸ்கில்லா

*

25.8.2008

அன்புள்ள பிரிசிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஊறுகாய் வந்தது. பாதி வழியிலேயே கசிந்துவிட்டது, மீதி அமிர்தம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டோம்.

நீ எழுதியதைப் படித்தேன். சில காரியங்களுக்குக் காலம் வர வேண்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, ஊர்க் கமிட்டிக்குத் தலைவராகவும் இருக்கிறார் என்பதை மறந்துவிடாதே. எழுத எத்தனையோ இருக்கிறது. சிறுமலை வாழைப்பழம் பற்றி யாராவது எழுதினார்களா? பூட்டு செய்வதைப் பற்றி?

உனக்காகச் செபிக்கிறேன்.

இனிகோ

*

திண்டுக்கல்
14.9.2008

அண்ணனுக்கு,

உடம்பு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, அப்பாவுக்கும். நல்ல தெம்போடு போன ஞாயிறு வகுப்புக்கே வந்துவிட்டார். கூடவே கமிட்டிச் செயலாளர் மரியசெல்வம். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. பேசியதை அப்படியே எழுதுகிறேன், காலம் வந்துவிட்டதா என்று நீயே பார்த்துக்கொள்.

"அத அழிச்சிரு பிரிசி."

"நான் எழுதலப்பா. எழுதுனவுக இந்தா உக்காந்திருக்காக. அவுககிட்டக் கேளுங்க."

அப்பா செபஸ்தியம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. "அவளுக்கு ஏது கம்ப்யூட்டரு? நீதான சொல்லிக் குடுத்த?"

"ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். அடுத்த வாரமும் சொல்லிக் குடுப்பேன், யாரு வந்தாலும்."

மரியசெல்வம், "நீ வேல பாக்குற பள்ளிக்கூடத்துலயும் நாலு வார்த்த சொல்ல வேண்டியதிருக்கும்" என்றார். உன் மாப்பிள்ளை வாய் திறந்தே நான் பார்த்ததில்லை, அன்றைக்குத் திறந்தார். "தாராளமாச் சொல்லுங்க. போன் வேணும்னா இங்கயே இருக்கு."

அப்பா கடைசியாகச் சொன்னது: "அப்ப நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்காத."

போய்விட்டார்கள். படிக்க வந்தவர்களும் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பினால் வகுப்பில் ஒருவர்கூட அசையவில்லை. இஞ்ஞாசி, "ரைட், போலாம்" என்று விசில் ஊதுகிற மாதிரி வாயை வைத்தார். பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஆனால் சட்டம் சட்டம்தான். சான்று இல்லாததால் வரியை எடுத்துவிட்டார்கள். சுவரைப் படம் பிடித்துப் போட்டோம். படத்தில் சுவர் தெரிகிறது, எந்தப் பக்கம் யார் என்று தெரியவில்லை. செபஸ்தியம்மாள் அழவில்லை. "இருக்கட்டும் டீச்சர், அச்சுல வராமயா போயிரும்?" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகும் வடமதுரை பஸ் ஏறினார்.

என் கேள்விக்கு நீ வாழைப்பழம் என்று பதில் எழுதினாய். கேள்வி அப்படியே இருக்கிறது.

பிரிஸ்கில்லா

*

திண்டுக்கல்
19.10.2008

அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டது அண்ணா! அச்சில் வந்துவிட்டது! போட்டது யார் தெரியுமா? மரியசெல்வமேதான்! வரி போனதோடு விட்டிருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும். நம் ஊர்க்காரர்களால் எதையாவது நோட்டீஸ் அடிக்காமல் இருக்க முடியுமா? காது குத்துக்கு நோட்டீஸ், கபடிக்கு நோட்டீஸ். ஆயிரம் கண்டன நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டி, போதாததற்குச் செய்தித்தாள் நிருபரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்லியிருக்கிறார். மாவட்டப் பக்கத்தில் முழுசாக வந்திருக்கிறது:

'ஞானமுத்தூர் கல்லறைத் தோட்டத்தில் மேலத்தெருவாருக்கும் கீழத்தெருவாருக்கும் தனித்தனியே இடம் வகுத்து, ஒழுங்கு கருதி எங்கள் முன்னோர் கட்டிய மதில்சுவரைக் கணினியில் இழிவுபடுத்தும் தீய சக்திகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்!'

செபஸ்தியம்மாளின் வரியைவிட விளக்கமாக இருக்கிறது. நாள், பக்க எண் எல்லாம் கொடுத்து அதையே சான்றாகச் சேர்த்தோம். கனடாக்காரர் அரை மணி நேரத்தில் 'சான்று போதுமானது' என்று எழுதிவிட்டார். வகுப்பில் ஒரே கைதட்டல். ரீனா, "சான்று உபயம் மரியசெல்வம்னு போடுவமா டீச்சர்?" என்று கேட்டாள், பாவி.

நானும் சிரித்தேன். அப்புறம் செய்திக்குக் கீழே இருந்த பேர்களைப் படித்தேன். முதலில் அப்பா, கமிட்டித் தலைவர் ராயப்பராஜ். அதற்கு அடுத்து, 'மண்ணின் மைந்தர் அருட்தந்தை இனிகோ'.

செபஸ்தியம்மாளும் படித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நீ பேர் கொடுத்தாயா?

பிரிஸ்கில்லா

*

ஞானமுத்தூர்
3.11.2008

மரியாதைக்குரிய இனிகோ சாமிக்கு,

தோத்திரம் சாமி. கீழத்தெரு செபஸ்தியம்மா சொல்லச் சொல்ல எழுதல, நானே எழுதுறேன். ஒடம்பு சொகமா சாமி? எனக்கு முட்டி வலி, மத்தபடி கொற இல்ல.

நேத்துக் கல்லறத் திருநா. எம் புருசனுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு மேல்பக்கம் ஒங்கம்மாவுக்கு ஒரு மொழம் மல்லிக கொண்டு போனேன். உசுரோட இருக்கையில எங்கிட்டத்தான் பூ வாங்குவாக, சில்லறைக்குப் பதிலா கொழம்பு, வெஞ்சனம் குடுத்து விடுவாக. செவுத்து வாசல்ல மரியசெல்வம் நின்னுக்கிட்டு, "குடு, நான் வச்சிர்றேன்"னாரு. நான் குடுக்கல. எங் கையால வக்கணும்னு கொண்டு போனது. திருப்பிக் கொண்டாந்து எங்க பக்கமே வச்சிட்டேன்.

பேப்பர்ல ஒங்க பேரு பாத்தேன். அதப் பத்தி நான் கேக்க மாட்டேன். வேற ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீக. சாவு எல்லாருக்கும் வாரதுதான். நான் செத்தா எங்க போடுவாகன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஊருக்குத்தான் கொண்டாருவாக. நீங்க எந்தப் பக்கம் படுப்பீக சாமி?

எங்க வீட்ல எல்லாம் மொறப்பா இருக்காக, எதுக்கு இந்த வம்புன்னு. நான் விடப்போறதில்ல. அந்த வரிய எத்தன வாட்டி அழிச்சாலும் போடுவேன். இப்ப எனக்கு ரெண்டு கையும் ஓடுது.

இப்படிக்கு,
செபஸ்தியம்மாள்

*

ராஞ்சி
1.12.2008

அன்புள்ள பிரிசிக்கு,

நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

செப்டம்பரில் ராஞ்சிக்கு வந்தபோது மரியசெல்வம் போனில் பேசினார். "நோட்டீஸ்ல சாமி பேரையும் போட்டுக்கிறோம்" என்றார். திருவிழா நோட்டீஸ், கபடி நோட்டீஸ் எல்லாவற்றிலும் என் பேரைக் கேட்காமல் போடுகிற ஊர் அது. இந்த முறை கேட்டார். நான் "அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

உனக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். 'பொறுமை' என்ற வார்த்தைக்கு மேல் பேனா நகரவில்லை. செபஸ்தியம்மாளின் கடிதம் வந்த பிறகு அந்த வார்த்தையையும் எழுத வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வார்த்தை: தப்பு.

இதை உனக்கு மட்டும் சொன்னால் போதாது. அதே செய்தித்தாளுக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பதன் நகல் கீழே:

'கல்லறைச் சுவருக்கு ஆதரவானவர்களின் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. எடுத்துவிடுங்கள். அந்தச் சுவர் இருப்பது உண்மை, அது பாவம் என்பதும் உண்மை. நான் இறந்தால் என்னை ஞானமுத்தூரில், சுவருக்குக் கீழ்புறம் புதைக்க வேண்டும். ஆயருக்கும் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். — இனிகோ, குரு.'

செபஸ்தியம்மாளுக்கும் தனியே எழுதியிருக்கிறேன். தபால் நிலையத்துக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. உன் முதல் பாடத்தைச் செய்து முடித்துவிட்டேன். சொந்தப் பேர்தான்.

அண்ணன்,
இனிகோ

*

திண்டுக்கல்
21.12.2008

என் அருமை அண்ணனுக்கு,

சுகமா? நன்றாகச் சாப்பிடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் உன் மாப்பிள்ளை பயந்துபோய்ச் சோடா வாங்கி வந்தார்.

செய்தித்தாளில் போட்டுவிட்டார்கள். வரிக்கு இப்போது இரண்டு சான்று. செபஸ்தியம்மாள் உன் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். எங்களுக்குக்கூடக் காட்டவில்லை.

இன்று நடந்ததைக் கேள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் மரியசெல்வம். தனியாக! இத்தனை நாளும் அழித்துக்கொண்டிருந்தது சென்னையில் இருக்கும் அவர் மருமகனாம். "இனி நீங்களே பாத்துக்கங்க மாமா" என்று கை கழுவிவிட்டாராம். அதனால் இவரே கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்.

"எனக்கும் சொல்லிக் குடுக்கணும். யாரு வேணா எழுதலாம்னுதான சொல்ற?"

ரீனா முறைத்தாள். இஞ்ஞாசி எழுந்தே விட்டார். எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பேன் என்று அப்பாவிடம் வீம்பு பேசியவள் நான்தானே? "உக்காருங்க" என்றேன். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, செபஸ்தியம்மாள் பக்கத்தில்.

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செபஸ்தியம்மாள் மவுசை அவர் பக்கம் தள்ளி, "இப்புடிப் புடிங்கண்ணே" என்றார். அந்த மனுஷனை அண்ணே என்று கீழத்தெருவில் யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. அவருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் பிடித்தார். எழுதட்டும், அவர் பக்கத்து நியாயம் எதுவோ அதையும் சான்றோடு எழுதட்டும். ஊரே படிக்கும்.

அப்பா இன்னும் பேசவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பினேன், தூக்குவாளி அப்படியே திரும்பி வரவில்லை. நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தங்கை,
பிரிஸ்கில்லா

*

ஞானமுத்தூர்
12.1.2009

அருட்தந்தை இனிகோ அவர்களுக்கு,

தகப்பன் ராயப்பராஜ் எழுதுவது. பொங்கல் வேலை நடக்கிறது. வெங்காயம் சுமாரான விளைச்சல். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பேப்பரில் வந்ததை வாசித்தேன். ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அதை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு.

உன் அம்மா மேல்புறத்தில் இருக்கிறாள். அவள் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறது. அதற்கு அடுத்தது உனக்கு என்று நான் எண்ணியிருந்தேன். இப்போது நீ கீழ்புறம் போகிறேன் என்கிறாய். அம்மாவும் அப்பனும் ஒரு பக்கம், பெற்ற பிள்ளை ஒரு பக்கம், நடுவில் சுவரா? கல்லறைத் திருநாளுக்கு உனக்கு நான் எப்படி வந்து திரி கொளுத்துவேன்? இதை எந்தத் தகப்பன் தாங்குவான், சொல்லு பார்ப்போம். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பா,
ராயப்பராஜ்

*

2.2.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களை நினைக்காத நாளில்லை. மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள், சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. யாராலும் தாங்க முடியாது அப்பா. சுவரை இடித்துவிடுங்கள்.

பெரிய வியாழனுக்கு நான் ஊருக்கு வருகிறேன். அதற்குள் இடிக்கவில்லை என்றால் நானும் பிரிசியும் கடப்பாரையோடு வருவோம். நீங்கள் வந்து தடுத்துப் பாருங்கள். இடித்த அன்றைக்கே அந்த வரியை மாற்றி எழுதுவதாகச் செபஸ்தியம்மாள் சொல்லியிருக்கிறார். சான்று கேட்பார்கள். நிருபருக்கு நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மகன்,
இனிகோ